மலிவு விலை இங்க் பேனாவில் தினமும் எழுத: ஒரு முழுமையான வழிகாட்டி

போன வருடம் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் புது இங்க் பேனாவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். “அண்ணே, இது நமக்குச் சரிப்பட்டு வராது. ரெண்டு வரி எழுதினா நின்னுடுது. நீங்களே வெச்சுக்கங்க” என்றான். வாங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. 100 ரூபாய்க்கும் குறைந்த பேனா. நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. உள்ளே இருந்த மையைக் கொட்டிவிட்டு, நிப்பைப் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் இன்னொரு தடவை அலசி, துடைத்து, அதே பாட்டில் மையை நிரப்பிக் கொடுத்தேன். சாயங்காலம் வரை நிற்காமல் எழுதியது.

விலை குறைந்த இங்க் பேனா தகராறு செய்தால் உடனே விலையைக் குற்றம் சொல்லிவிடுகிறோம். நான் பார்த்தவரை காரணம் பெரும்பாலும் நம் பழக்கம்தான். கழுவாமலே மை நிரப்புவது, பால்பாயிண்ட் மாதிரி அழுத்துவது, வாரத்துக்கு ஒருநாள் மட்டும் மூடியைத் திறப்பது. இந்த மூன்றையும் மாற்றிக்கொண்டால் பெட்டிக்கடைப் பேனாவும் வருடக்கணக்கில் உழைக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது

வீட்டில் 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்த்து வைத்திருப்பீர்கள். குழாயைத் திறந்தால் ஒரு குமிழி ‘குளுக்’ என்று மேலே போகும். காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் வெளியே வரும். இங்க் பேனாவும் அப்படித்தான். நிப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்புத் துண்டை ஃபீட் என்பார்கள். அதில் இருக்கும் மெல்லிய வாய்க்கால் வழியாக மை கீழே இறங்கும், காற்று மேலே ஏறும். பக்கவாட்டில் சீப்புப் பல் மாதிரி தெரிகிற வரிகள், அதிகமாக வந்துவிட்ட மையைச் சொட்டவிடாமல் பிடித்துவைக்கும். அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மேன் 1884இல் காப்புரிமை வாங்கியது இப்படிப்பட்ட ஃபீட் ஒன்றுக்குத்தான். உங்கள் மலிவுப் பேனாவுக்குள் இருப்பதும் அதே ஏற்பாடுதான், பிளாஸ்டிக்கில் வார்த்திருப்பார்கள், அவ்வளவுதான்.

ஃபீட்டிலிருந்து மை நிப்பின் நடுப்பிளவுக்கு வந்து நுனியில் காத்துக்கொண்டிருக்கும். நுனி காகிதத்தைத் தொட்டதும் காகிதமே மையை இழுத்துக்கொள்கிறது. பால்பாயிண்ட் பேனாவில் இருப்பது பசை போன்ற மை. குண்டு உருண்டால்தான் அது வெளியே வரும், குண்டு உருள அழுத்த வேண்டும். இங்க் பேனாவுக்கு அந்த வேலையே இல்லை. நிப்பை அழுத்தினால் பிளவின் இரண்டு பக்கமும் விரிந்து, கொஞ்ச நாளில் விரிந்தபடியே நின்றுவிடும்.

வாங்கும்போது

எந்த பிராண்ட் என்பதைவிட எப்படி மை நிரப்புவது என்பதை முதலில் பாருங்கள்.

பேனாவின் உடலுக்குள்ளேயே நேராக மை ஊற்றுவது ஒரு வகை. பள்ளிக்கூடத்தில் ஃபில்லரை வைத்து நிரப்பினோமே, அது. 2 முதல் 3 மில்லி வரை பிடிக்கும். இரண்டாவது, திருகினால் மையை உறிஞ்சும் கன்வெர்ட்டர். சராசரியாக அரை மில்லிக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். கழுவ மிக எளிது என்பதால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். மூன்றாவது, மை அடைத்து வரும் கார்ட்ரிட்ஜ். அவசரத்துக்கு வசதி, தினசரிக்குச் செலவு. பல கம்பெனிகளுக்குச் சொந்த அளவு உண்டு, ஒன்றின் கார்ட்ரிட்ஜ் இன்னொன்றில் பொருந்தாது. அப்புறம் ரப்பர் பையை அமுக்கி மை ஏற்றும் பேனாக்கள். சீனத்து ஹீரோ 616 இந்த வகை. 1941இல் வந்த பார்க்கர் 51இன் சாயலில் நிப்பை ஒரு மூடாக்குக்குள் மறைத்துச் செய்தது. நிப் வெளியே தெரியாததால் சீக்கிரம் காயாது, அது பெரிய நன்மை. ஆனால் உள்ளே கழுவுவதற்குப் பொறுமை வேண்டும்.

என்னிடம் ஒரு கேம்லின், ஒரு ஹீரோ, ஜப்பானிய பிளாட்டினம் பிரெப்பி ஒன்று இருக்கின்றன. மூன்றில் ஒன்றை மட்டும் சிபாரிசு செய்யச் சொன்னால் பிரெப்பி. மூடிக்குள் ஸ்பிரிங் வைத்த உள்மூடி ஒன்று நிப்பைக் கவ்விக்கொள்கிறது, மாதக்கணக்கில் கிடந்தாலும் எடுத்ததும் எழுதுகிறது. பார்வைக்கு மட்டும் கொஞ்சம் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும்.

நிப் அளவைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் தனியாக யோசிக்க வேண்டும். நம் எழுத்துகள் சுழி நிறைந்தவை. மூன்று சுழி ண, ஞ, இ, ணை இவற்றைத் தடித்த நிப்பில் சின்னதாக எழுதினால் சுழிக்குள் மை நிரம்பி எழுத்தே கட்டியாகிவிடும். கோடு போட்ட சாதாரண நோட்டில் எழுத ஃபைன் என்கிற மெல்லிய நிப் போதும். பிரெப்பியில் 0.3 என்று போட்டிருப்பது அதுதான். ஒரு எச்சரிக்கை: ஜப்பானிய பேனாவின் மீடியம், ஐரோப்பியப் பேனாவின் ஃபைனுக்குக் கிட்டத்தட்டச் சமம். பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

கடையிலேயே மூன்று சோதனை செய்யலாம். நிப்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். பிளவு நடுவில் ஓட வேண்டும், நுனியை நெருங்க நெருங்கக் குறுக வேண்டும். அடுத்து, நிப்பின் நுனியை உங்கள் முகத்துக்கு நேரே திருப்பிப் பாருங்கள். இரண்டு பாதியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், ஒன்று மேலே ஒன்று கீழே இருந்தால் கீறும். மூன்றாவது சோதனைக்குக் கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். மூடியைத் துடைத்து, அதன் வாயை உதட்டில் வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். மூடி உதட்டில் கவ்விக்கொண்டால் நல்லது. காற்று தாராளமாக வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அந்த ஓட்டை வழியாகத்தான் ராத்திரி முழுக்க மை காயும். பேனா பிடித்துப்போய்விட்டதென்றால் வாங்கிக்கொண்டு, ஓட்டையில் உள்பக்கமாக ஒரு சொட்டு மெழுகு விட்டு அடைத்துவிடலாம். ஆனால் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அடைக்க வேண்டாம். மூடியை விழுங்கிவிட்டாலும் மூச்சு போகட்டும் என்றுதான் சில பேனாக்களில் வேண்டுமென்றே துளை வைக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் இவ்வளவு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. நிப் கெட்டால் நிப்பை மட்டும் மாற்றிக்கொள்வோம். சாத்தூரில் நிப் செய்வது குடிசைத் தொழிலாகவே நடந்தது. பால்பாயிண்ட் வந்து அந்தப் பட்டறைகளை அடித்துவிட்டது. இன்று சாத்தூர் என்றால் சேவு ஞாபகம் வருகிற அளவுக்கு நிப் ஞாபகம் வருவதில்லை.

முதல் கழுவல்

இதைத் தவிர்க்காதீர்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போது நிப்பிலும் ஃபீட்டிலும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். எண்ணெய் பட்ட இடத்தில் தண்ணீர் மாதிரியான மை ஓடாது. என் அலுவலகத் தம்பியின் பேனாவுக்கு நேர்ந்தது அதுதான்.

ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவ சோப்பு விடுங்கள். நிப்பை அதில் முக்கி, கன்வெர்ட்டரைத் திருகிப் பத்துத் தடவை உறிஞ்சி வெளியே விடுங்கள். கன்வெர்ட்டர் இல்லாத பேனா என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்சை வைத்து, நிப் பொருத்திய கழுத்துப் பகுதியின் பின்பக்கமாகத் தண்ணீரைப் பீய்ச்சலாம். பிறகு வெறும் தண்ணீரில் நுரை போகும்வரை இதையே செய்து, நிப்பைக் கீழ்நோக்கி ஒரு பழைய பருத்தித் துணியில் சுற்றி, தம்ளரில் நிறுத்திவையுங்கள். துணி மிச்சத் தண்ணீரை இழுத்துவிடும்.

வெந்நீர் வேண்டாம், பிளாஸ்டிக் ஃபீட் கோணலாகும். சானிடைசர், ஸ்பிரிட், தின்னர் எதுவும் பக்கத்திலேயே வரக்கூடாது. பேனாவின் உடலே விரிசல் விட்டுப்போகும்.

மை

பாட்டிலில் ‘ஃபவுண்டன் பேனா மை’ என்று போட்டிருக்க வேண்டும். இந்தியன் இங்க் என்று ஓவியக் கடையில் கிடைப்பதை ஊற்றவே கூடாது. அதில் அரக்கு போன்ற பிசின் இருக்கும், காய்ந்தால் ஃபீட் சிமெண்ட் வைத்த மாதிரி அடைத்துக்கொள்ளும். ஸ்டாம்பு பேடு மை, ஜெல் ரீஃபிலைப் பிழிந்து எடுத்த மை இதெல்லாம் சிறுவயதில் செய்து பார்த்தவைதான், சொல்ல வேண்டியதில்லை.

தொடங்குகிறவர்களுக்கு ராயல் ப்ளூ. தண்ணீரில் கரையும், பேனாவில் படியாது, துணியில் பட்டாலும் போகும். கேம்லினில் கிடைக்கிறது. வங்காளத்தில் 1934இல் சுதேசி வேகத்தில் தொடங்கிய சுலேகா மையும் மறுபடி வந்துகொண்டிருக்கிறது. ராயல் ப்ளூவின் குறை, வெயிலில் வெளுக்கும், ஈரம் பட்டால் ஓடும். ஆகவே காசோலை, பத்திரம், உறையின் மேல் முகவரி இவற்றுக்கு ஆகாது. அங்கே தண்ணீருக்கு அழியாத கறுப்போ ப்ளூ பிளாக்கோ வேண்டும். சில பழைய பாணி ப்ளூ பிளாக் மைகளில் இரும்புச் சத்து இருக்கும். எழுதும்போது நீலமாகத் தெரிந்து, காற்றுப்பட்டுக் கறுக்கும். எழுத்து நிலைக்கும், ஆனால் பேனாவை மாதம் ஒருமுறையாவது கழுவவில்லையென்றால் மலிவான நிப்பை அரித்துவிடும். மினுமினுப்பு மைகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில்: கல்யாணப் பத்திரிகைக்கு உறை எழுதுங்கள், தினப் பேனாவில் வேண்டாம். ஒரு மையோடு இன்னொன்றைக் கலப்பதும் வேண்டாம், சில சேர்க்கைகள் திரிந்துவிடும்.

நிரப்பும்போது நிப் முழுவதும், நடுவில் இருக்கும் சின்னத் துளையும் தாண்டி, மைக்குள் முங்க வேண்டும். பாதி முங்கினால் மையோடு காற்றையும் உறிஞ்சும். நிரம்பியதும் இரண்டு மூன்று சொட்டைத் திரும்ப பாட்டிலில் விட்டு, நிப்பை மேல்நோக்கித் திருப்பி, கன்வெர்ட்டரைக் கொஞ்சம் பின்னால் திருகுங்கள். ஃபீட்டில் தேங்கிய அதிகப்படி மை உள்ளே போய்விடும். இதைச் செய்யாதவர்கள்தான் “முதல் பக்கம் சொதசொதன்னு வருது” என்று சொல்கிறவர்கள்.

நேராக ஊற்றும் பேனாவுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. மை கால்பங்குக்குக் கீழே இறங்கியதும் திடீரென்று சொட்டும். உள்ளே காற்று அதிகம் இருக்கும்போது நம் கைச்சூட்டில் அது விரிந்து மையைத் தள்ளுகிறது. வைத்தியம் எளிது: மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போதே நிரப்பிவிடுங்கள். மரையில் கசிந்தால் கொஞ்சம் சிலிகான் கிரீஸ் தடவலாம். வாசலின் தடவச் சொல்வார்கள், நம் ஊர் வெயிலில் அது இளகி ஃபீட்டுக்குள் இறங்கும். அப்புறம் மறுபடி சோப்புத் தண்ணீர்தான்.

கை

பால்பாயிண்ட் பேனாவைச் செங்குத்தாகப் பிடித்துப் பழகியிருப்போம். இங்க் பேனாவைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், காகிதத்துக்கு ஏறக்குறைய 45 முதல் 55 பாகை. நிப்பின் பளபளப்பான முதுகு மேலே, ஃபீட் கீழே. எழுத எழுத விரலுக்குள் பேனா உருண்டு நிப் பக்கவாட்டில் திரும்பிவிடும். கீறுகிறது என்கிற புகாரில் நிறைய இதனால் வருவதுதான்.

அழுத்தத்தைச் சோதிக்க ஒரு வழி: அரைப் பக்கம் எழுதி, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவுங்கள். எழுத்து தடம் தட்டுப்பட்டால் அழுத்துகிறீர்கள். எனக்கு இந்தப் பழக்கம் போக மூன்று வாரம் ஆனது. தினமும் அரைப் பக்கம், செய்தித்தாளில் எதையாவது பார்த்து, வேண்டுமென்றே மெதுவாக எழுதினேன். வேகம் தானாக வந்தது. முதல் வாரத்தில் கையெழுத்து மோசமாகத்தான் போகும், பயப்பட வேண்டாம்.

தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு: புள்ளி. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும்போது பேனாவை ஒரு கணம் நிறுத்துகிறோம், அந்தக் கணத்தில் மை பொங்கிப் புள்ளி பொட்டாகிவிடும். தொட்டதும் எடுத்துவிடப் பழகுங்கள். ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியே வைக்கவில்லை, படிக்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். நமக்கு அந்தச் சலுகை இல்லை.

இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் சீக்கிரம் காயும் மையும் ஃபைன் நிப்பும் எடுத்துக்கொண்டு, கையை வரிக்குக் கீழே வைத்து எழுதினால் தேய்படாது.

காகிதம்

பேனாவுக்கு 500 ரூபாய் கொடுத்துவிட்டு மட்டமான நோட்டில் எழுதுவதைவிட, 100 ரூபாய் பேனாவும் நல்ல தாளும் மேல். மை படர்ந்து எழுத்தின் ஓரம் பஞ்சுபோல ஆவதற்கும், பின்பக்கம் ஊறுவதற்கும் காரணம் தாளின் மேல்பூச்சு போதாததுதான். எடையும் கணக்கு, ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதை ஜிஎஸ்எம் என்று போட்டிருப்பார்கள். 55, 60 ஜிஎஸ்எம் நோட்டில் ஒரு பக்கம் மட்டும் எழுத முடியும். 70 ஜிஎஸ்எம் பரவாயில்லை, 80 நிம்மதி. ஆனால் எடை மட்டுமே போதாது, 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாளிலும் ஊறுகிற ரகம் உண்டு. கரூர் பக்கம் புகளூரில் இருக்கும் டிஎன்பிஎல் ஆலை கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. அதன் தாளில் என் பேனா நன்றாகவே ஓடுகிறது, மலிவாகவும் இருக்கிறது. பத்துத் தாளை மடித்துத் தைத்து நோட்டாக்கிக்கொள்கிறேன்.

நோட்டு வாங்கும்போது கையில் உங்கள் பேனா இருக்கட்டும். கடைசித் தாளில் ஒரு ‘ண’ போட்டுப் பார்க்க அனுமதி கேட்டால் பெரும்பாலான கடைக்காரர்கள் சரி என்றே சொல்வார்கள்.

தினசரி

இங்க் பேனா கெடாமலிருக்க முதல் வழி தினமும் எழுதுவது. இரண்டாவது, மூடியை மூடுவது. நம் வீடுகளில் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், திறந்து வைத்த நிப் ஒன்றிரண்டு நிமிடத்தில் காய ஆரம்பித்துவிடும். யோசிக்க நிறுத்தினால் மூடிவிட்டு யோசியுங்கள். பையில் வைத்தால் நிப் மேல்நோக்கி நிற்கட்டும். விமானத்தில் போனால் முழுக்க நிரப்பியோ முழுக்கக் காலியாகவோ கொண்டுபோங்கள், பாதியாக இருந்தால் உள்ளிருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வெறும் தண்ணீரில் கழுவுங்கள். மை நிறம் மாற்றும்போதும் கழுவுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் தொடப்போவதில்லை என்றால் மையைக் கொட்டிக் கழுவிக் காயவைத்து எடுத்துவையுங்கள்.

மக்கர் செய்தால்

காலையில் திறந்ததும் எழுதவில்லை என்றால் உதறாதீர்கள், சுவருக்கும் பக்கத்தில் இருப்பவர் சட்டைக்கும் அது நல்லதல்ல. நிப் நுனியைத் தண்ணீரில் தொட்டு எடுத்தாலே போதும். தினமும் இப்படி ஆகிறதென்றால் மூடியில் காற்று புகுகிறது, உதட்டுச் சோதனையைச் செய்யுங்கள்.

எழுதிக்கொண்டே வரும்போது தாளின் கீழ்ப்பாதியில் மட்டும் விட்டுவிட்டு எழுதினால் பேனாமேல் தப்பில்லை. உள்ளங்கையின் எண்ணெயும் வியர்வையும் தாளில் பட்டிருக்கும். கைக்கடியில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே எழுதினாலும் மெலிசாக, வறட்சியாக வந்தால் முதலில் கழுவுங்கள். மை காய்ந்து அடைத்திருந்தால் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். பள்ளிக்காலத்தில் அரை பிளேடை நிப் பிளவில் விட்டு இழுப்போம். அப்போது நிப் மாற்றக் காசு குறைவு, இப்போது அதைச் செய்தால் பிளவு நிரந்தரமாக விரிந்துவிடும்.

கீறினால், பூதக்கண்ணாடியில் நுனியைப் பாருங்கள். ஒரு பாதி தாழ்ந்திருந்தால், மற்றதை விட்டுவிட்டு அதை மட்டும் கட்டைவிரல் நகத்தால் மெல்ல மேலே தள்ளி, ஒரு வரி எழுதிப் பார்த்து, மறுபடி தள்ளுங்கள். பத்தில் ஒரு பங்கு பலம் போதும். சிமெண்ட் தரையில் தேய்த்து வழவழப்பாக்கும் வித்தையை நான் ஒருமுறை செய்து, நிப் நுனியில் இருந்த கடின உலோகக் குண்டையே இழந்திருக்கிறேன். அந்தக் குண்டு போனால் நிப் கதை முடிந்தது.

சில இடங்களுக்கு இங்க் பேனாவை எடுத்துக்கொண்டே போகாதீர்கள். டிஎன்பிஎஸ்சி ஓஎம்ஆர் தாளுக்குக் கறுப்புப் பால்பாயிண்ட்தான். கார்பன் வைத்த பில் புத்தகத்தில் அழுத்தாமல் எழுதினால் அடுத்த தாளில் ஒன்றும் விழாது. இதற்காகவே என் பையில் ஒரு பால்பாயிண்டும் இருக்கிறது, யாராவது “சார், பேனா இருக்கா?” என்று கேட்டால் கொடுப்பதும் அதைத்தான்.

சட்டையில் ராயல் ப்ளூ பட்டால் உடனே பச்சைத் தண்ணீரில் ஓடவிட்டு, சோப்புப் போட்டுக் கசக்குங்கள். வெந்நீரில் போட்டாலோ காயவிட்டாலோ கறை பிடித்துக்கொள்ளும். விரலில் பட்டது இரண்டு குளியலில் போய்விடும். அலுவலகத் தம்பிக்கு இப்போது நடுவிரல் ஓரம் எப்போதும் நீலமாகத்தான் இருக்கிறது. மை மட்டும் இன்னும் என் பாட்டிலிலிருந்துதான்.